முப்பது எண்ணும் வரை

கரண்ட்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் கட்டிலில் உட்கார்ந்து பேன்ட் போட்டார்.

அதுவரை நின்றுகொண்டே போட்டவர். வலது காலை நுழைத்து, இடது காலைத் தூக்கி, சின்னதாக ஒரு துள்ளல் துள்ளி, பெல்ட்டை இறுக்கும்போதே வாசலுக்குப் பாதி தூரம் போயிருப்பார். அன்றைக்கு இடது காலைத் தூக்கியதும் அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அறைக்கு அப்படியொரு பழக்கம் கிடையாது. அவர் பீரோவைப் பிடித்தார். பீரோ கதவு திறந்துகொண்டு அவரோடு சேர்ந்து வந்தது. கடைசியில் கட்டில்தான் கை கொடுத்தது. ஏதோ பெரிய விஷயத்தை யோசிக்கிறவர் மாதிரி சுவரைப் பார்த்தபடி மீதிக் காலை நுழைத்துக்கொண்டார்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். மனைவி பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி டீ ஆற்றினாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் தடுமாறுவதை இன்னொருவர் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக முயற்சி எடுக்க வேண்டும்.

அந்த வயதுக்குரிய மற்ற விருதுகளெல்லாம் அவருக்கு ஏற்கனவே வந்து சேர்ந்திருந்தன. உட்காரும்போது ஒரு "அப்பாடா", எழுந்திருக்கும்போது அதைவிட நீளமாக ஒன்று. மாத்திரை அட்டையைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படித்து, கை இன்னும் அரை அடி நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குவது. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், நாலாவது தடவை இழுக்கத் திரும்பி வருவது. கதவுக் கைப்பிடியில் ரப்பர் பேண்டுகளைச் சேமிப்பது, எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்." இதற்கெல்லாம் அவர் அசரவில்லை. பேன்ட்தான் உள்ளே போய்த் தைத்தது.

ஏனென்றால் அவருடைய பிழைப்பு கம்பத்தின் மேலே இருந்தது. மின்சார அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக லைன்மேன். கீழே நிற்கும்போது அவர் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஆள். டீக்கடையில் இரண்டு முறை கூப்பிட்டால்தான் டீ வரும். இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு கம்பத்தில் இருபதடி ஏறிவிட்டால் தெருவே அண்ணாந்து பார்க்கும். அதே டீக்கடைக்காரர் வெளியே வந்து கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு கேட்பார்.

"அண்ணே, எப்பண்ணே வரும்?"

"பத்து நிமிஷம்."

சொன்னால் ஒன்பதாவது நிமிஷம் வரும். ஒரே சமயத்தில் நாற்பது வீட்டில் விளக்கு எரிந்து, நாற்பது வீட்டுக் குழந்தைகளும் "ஹோ" என்று கத்துகிற சத்தம் மேலே கேட்கும். உலகத்தில் அந்தச் சத்தத்தை அந்த இடத்திலிருந்து கேட்கிற பாக்கியம் அவருக்கு மட்டும்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதே மாதிரி, இரண்டு மாதம் முன்னால் ஒரு மழை நாளில் கால் வழுக்கி, பெல்ட்டில் தலைகீழாகக் கொஞ்ச நேரம் தொங்கியதையும் யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பில் கன்றியிருந்ததை மனைவி கேட்டபோது, "ஆபீஸ்ல மேசை இடிச்சுக்கிட்டேன்" என்றார். விஷயம் முடிந்தது. அதாவது, முடிந்ததென்று அவர் நினைத்தார்.

பேன்ட் சம்பவம் நடந்த அதே வாரம் சுற்றறிக்கை வந்தது. ஐம்பது தாண்டிய லைன்மேன்கள் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது விநாடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நிற்க முடியாதவர்கள் கம்பம் ஏற முடியாது. புகார்ப் பிரிவுக்குப் போக வேண்டும்.

புகார்ப் பிரிவு என்பது தரைத்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில், இரண்டு டெலிபோனும் ஒரு மேசை ஃபேனும் உள்ள அறை. இரண்டு வருஷம் முன்னால் மீசைக்காரர் அங்கே போனார். போகும்போது கம்பம் ஏறுகிற மனிதர். இப்போது நாற்காலியில் அமுங்கி அமுங்கி அதன் ஒரு பாகமாகவே ஆகிவிட்டார். வீட்டில் அவர் மனைவி காய் வாங்கி வரச் சொன்னால்கூட, "பதிவு பண்ணிக்கிட்டேன்" என்கிறாராம்.

பரிசோதனைக்கு நாற்பது நாள் இருந்தது. அலுவலகத்தில் நடு வயதுக்காரர்களெல்லாம் அப்போது ஆளுக்கொரு சவாலை ஏற்றுத் தங்களைத் தாங்களே திருத்திக்கொண்டிருந்த காலம். மீட்டர் கணக்கெடுப்பவர் முப்பது நாள் பச்சைத்தண்ணீர்க் குளியல் என்று அறிவித்து, தினமும் காலையில் ஈரத்தலையோடு செல்போன் குழுவில் படம் போட்டார்; தலையை மட்டும் நனைத்துக்கொண்டு போடுகிறார் என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்டோர்காரர் சர்க்கரையை விட்டுவிட்டார். சர்க்கரை இல்லாத டீயை இறக்குவதற்காக மூன்று க்ரீம் பிஸ்கட் சாப்பிட்டார். கரண்ட்காரரும் குழுவில் ஒரு வரி போட்டார்: "ஒற்றைக் கால். முப்பது விநாடி. தினமும்." பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். இனி பின்வாங்க முடியாது.

மறுநாள் காலையில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

"கொஞ்சம் எண்ணேன்."

"என்னத்த?"

"நான் நிக்கிறத."

"நிக்கிறத எண்ணுவாங்களா? ஒரு ஆளுதானே நிக்கிறீங்க."

"விநாடிய எண்ணுடி."

எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. காலையில் போனதும் முந்நூறு படுக்கை விரிப்பு, இருநூறு துண்டு எண்ணி உள்ளே விட்டு, சாயங்காலம் எண்ணி வெளியே அனுப்ப வேண்டும். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். பன்னிரண்டில் அவர் கால் தரைக்கு வந்துவிட்டது. இரண்டாம் நாள் பதினாலு. மூன்றாம் நாள் பதினொன்று. அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். பூட்டைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் பத்தொன்பது வந்தது.

"பத்தொம்பதா? நல்லாப் பாத்தியா?"

"பத்தொம்பதுதான். காலை நேராத் தூக்குறீங்க இப்ப."

அதற்கப்புறம் ஏறுமுகம்தான். இருபத்திரண்டு, இருபத்தஞ்சு. அவள் பாத்திரம் கழுவியபடி, முதுகைக் காட்டிக்கொண்டே எண்ணுவாள். தண்ணீர்ச் சத்தத்தோடு சேர்ந்து எண்கள் ஒரு தாளத்தில் வரும். இருபதாம் நாள் முப்பதைத் தொட்டார். முப்பதாம் நாள் முப்பத்துநாலு. குழுவில் போட்டார், பச்சைத்தண்ணீர்க்காரரே வாழ்த்தினார். பேன்ட்டை மறுபடி நின்றுகொண்டே போட்டார், தோளைப் பீரோவில் சாய்த்துக்கொண்டு. சாய்வது வேறு, பிடிப்பது வேறு என்பது அவர் கட்சி. குளிக்கும்போது பாட்டு வந்தது. பழைய பாட்டு, பாதிக்கு மேல் வரி தெரியாது. தெரியாத இடத்தில் "லலலா" போட்டு நிரப்பினார்.

பரிசோதனை நாளில் அவர்தான் முதலில் போய் உட்கார்ந்தார். டாக்டர் சின்னப் பெண். கையில் ஸ்டாப்வாட்ச்.

"கையக் கட்டிக்கோங்க சார். இப்பத் தூக்கலாம்."

தூக்கினார். மனசுக்குள் மனைவியின் குரல் தண்ணீர்ச் சத்தத்தோடு ஓடியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. சுவரில் கண் பரிசோதனை அட்டை தொங்கியது. கடைசி வரி தெரியவில்லை, தெரியாவிட்டால் போகிறது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. தாராளமாக இருக்கட்டுமென்று ஒன்று கூடுதலாக எண்ணி, ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்குவது மாதிரி, நிதானமாகக் காலைக் கீழே வைத்தார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சார் வச்சுட்டீங்க?"

"முப்பத்தொண்ணு ஆச்சேம்மா."

"பதினாலுதான் சார் ஆச்சு."

"அந்த வாட்ச்ல பேட்டரி பாரும்மா. மெதுவா ஓடுது."

அவள் பொறுமைசாலி. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். பதிவெழுதும் அம்மாளும் தன்னுடையதை நீட்டினாள். மூன்றும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே வேகத்தில் ஓடின. இன்னும் இரண்டு வாய்ப்பு கொடுத்தார்கள். இப்போது விநாடியின் உண்மையான நீளம் தெரிந்துபோயிருந்ததால் கால் முன்னைவிட ஆடியது. பதினஞ்சு. பன்னிரண்டு.

"அடுத்த வருஷம் மறுபடி வாங்க சார்," என்றாள் டாக்டர், அன்பாக. அன்புதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே கூடத்தில் நின்றார். மனைவி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணு."

"இப்ப எதுக்குங்க? டெஸ்ட் என்ன ஆச்சு?"

"எண்ணு."

அவர் காலைத் தூக்கவில்லை. இரண்டு காலிலும் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அவள் எண்ண ஆரம்பித்தாள். இருபதில் குரல் தயங்கியது. முப்பது என்று முடித்தபோது விநாடி முள் பதின்மூன்று விநாடிதான் நகர்ந்திருந்தது. அவள் துண்டைக் கீழே வைத்தாள்.

"துணி எண்ணுற வேகத்துல எண்ணிட்ட. பழக்க தோஷம். அப்படித்தானே?"

அவள் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவைத்துதான் அவர் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் வெளியேறியிருக்கலாம்.

"இல்லைங்க. மொத மூணு நாள் சரியாத்தான் எண்ணினேன். நீங்க டீயக்கூட முழுசாக் குடிக்கல. நாலாம் நாள் கொஞ்சம் வேகமா விட்டேன். சிரிச்சீங்க. அதுக்கப்புறம் குறைக்க மனசு வரல."

"சொல்லியிருக்கலாம்ல? இத்தனை நாள் இருந்துச்சே. நெஜமாவே பழகியிருப்பேனே."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

அவள் மறுபடி துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"மேசை இடிச்சா இடுப்பச் சுத்தி வளையமாவா கன்னிப்போகும்? நாலு விரல் அகலத்துக்கு?"

அவர் கை தானாக இடுப்பைத் தொட்டது.

"பெல்ட்டோட அகலம் எனக்குத் தெரியாதா? கிழிஞ்சா தைக்கிறவளே நான்தானே. மொதல்ல உங்க மொகத்துக்காகத்தான் எண்ணினேன். அப்புறம் யோசிச்சேன், இப்படியே எண்ணினா தோத்துருவீங்கன்னு. தெரிஞ்சேதான் எண்ணினேன்."

"ஆக, நீயே என்னைக் கீழ எறக்கிட்ட."

"ஆமா. முழு ஆளா எறக்கிட்டேன்."

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தட்டாவது உடைந்திருக்கும், கூட்டிப் பெருக்கியிருக்கலாம். அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். "அப்பாடா"கூட வரவில்லை. மறுநாளிலிருந்து உட்கார்ந்தே பேன்ட் போட்டார். யோசிக்கிற பாவனையையும் விட்டுவிட்டார். காலையில் அவர் எண்ணச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

புகார்ப் பிரிவில் மீசைக்காரர் அவருக்குப் பக்கத்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்து வரவேற்றார்.

"வாங்க. ஒரே ஒரு பாடம்தான். எவ்வளவு நேரம்னு கேட்டா பத்து நிமிஷம்னு சொல்லிருங்க. போன்ல கத்துறவர் குரல் எறங்கிரும்."

"ஆளே போகலையேண்ணே?"

"அவருக்கு அது தெரியுமா?"

முதல் நாள் கரண்ட்காரர் உண்மையைச் சொன்னார். மூன்று மணி நேரம் ஆகும் என்றார். எதிர்முனையில் இருந்தவர் அந்த மூன்று மணி நேரத்தில் கால் மணியை அவரைத் திட்டுவதற்கு ஒதுக்கினார். பரம்பரையில் ஒருவர் பாக்கியில்லை. இரண்டாம் நாள் பத்து நிமிஷம் என்றார். "சரிங்க, ரொம்ப நன்றிங்க" என்று ஒரு அம்மாள் போனை வைத்தாள். எவ்வளவு சுலபம் என்று அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. வாரக் கடைசிக்குள் கை ரிசீவரைத் தொடும் முன்பே நாக்கு பத்து நிமிஷத்தைத் தயாராக வைத்திருந்தது. அழைப்புப் பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டமே இருந்தது: சொல்லப்பட்ட நேரம்.

இரண்டாம் மாதம் ஒரு மழை நாள். சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. பதினெட்டாவது அழைப்பு.

"புகார்ப் பிரிவு."

"எங்க தெருவுல கரண்ட் போயிருச்சுங்க."

குரல் தெரிந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசைக்காரர் பக்கத்தில் இருந்தார்.

"கம்பம் நம்பர் சொல்லுங்க."

"நாப்பத்தேழு. உங்களுக்குத் தெரியாதாக்கும்."

தெரியும். நாற்பத்தேழில் கம்பியைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் தளர்வு. மழைக்கு முன்னால் ஒரு திருகு திருகிவிட்டால் போதும். பதினோரு வருஷமாக அவர் திருகிக்கொண்டிருந்தார். தன் இடத்துக்கு வந்த புதுப் பையனிடம் சொல்ல நினைத்து விட்டுப்போயிற்று.

"ஆள் கிளம்பியாச்சா?"

"ஒரே ஆள்தான். இன்னும் மூணு தெரு முடிக்கணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

நாக்கு தயாராகத்தான் இருந்தது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"ரெண்டு மணி நேரம். மேலயும் ஆகலாம்."

அந்தப் பக்கம் மழை கேட்டது. தகரத்தில் விழுகிற மழை. தன் வீட்டு ஜன்னல் தகரம்தான்.

"பத்து நிமிஷம்னு சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

அவள் போனை வைக்கவில்லை. "போன்ல சார்ஜ் போகப்போகுது. மெழுகுவர்த்தி எங்க வச்சோம்?"

"பீரோ மேல, எடது ஓரம். ஸ்டூல் போட்டு ஏறாத."

"ஏறாம எப்படி எடுக்கிறது?"

"நான் வந்து எடுக்கிறேன்."

"நீங்களும் ஏற வேண்டாம்."

"அப்ப இருட்டுலதான் இருக்கணும்."

"இருக்கேன்," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அவர் பதிவேட்டை இழுத்துப் பதினெட்டாவது வரியில் கம்பம் எண்ணை எழுதினார். சொல்லப்பட்ட நேரம் என்ற கட்டத்தில், இரண்டு மணி நேரம். மேலே இருந்த பதினேழு வரியிலும் பத்து நிமிஷம் என்று அவருடைய கையெழுத்தே வரிசையாக இறங்கி வந்திருந்தது. மீசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாருண்ணே அது, திட்டினாங்களா?"

"இல்ல," என்றார் கரண்ட்காரர். அடுத்த மணி அடித்தது. எடுத்தார்.

"பத்து நிமிஷம்."