ஒருவர் மட்டும் பேசிய மொழி

சில கம்ப்யூட்டர் மொழிகள் ஏன் பரவவே இல்லை என்று கேட்டால் படித்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். விற்கத் தெரியவில்லை, கற்றுக்கொடுக்க ஆளில்லை, நல்ல புத்தகம் வரவில்லை. எல்லாம் சரிதான். கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் கூட்டம் போகும், தேனிச் சந்தையில் ஒரு சனிக்கிழமை நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் அப்படி ஒரு மொழி செத்த இடத்தில் பக்கத்திலேயே நின்றவள் நான். அந்தச் சாவில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், பொதுக் காரணங்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

எண்பதுகளின் பின்பாதி. மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அல்லிநகரத்தை ஒட்டிய ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று ஆபீசில், குளிர்சாதன அறையில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முன்னால் போக வேண்டும். அது என்னுடையது, அதனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொன்று மில்லின் பின்பக்கம், ஈரக்காற்று அறையில். மில்லுக்குள் காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் தண்ணீரைச் சாரலாக அடித்து, அந்த ஈரத்தைப் பெரிய தகரக் குழாய்கள் வழியாக உள்ளே ஊதுவார்கள். பம்பு எப்போது ஓட வேண்டும், எந்த விசிறி சுற்ற வேண்டும் என்று முடிவுசெய்தது அந்த இரண்டாவது கம்ப்யூட்டர். மூடிகூட இல்லாத ஒரு பெட்டி, ஒரு திரை, இரைச்சல் போடும் ஒரு பிரிண்டர். அவ்வளவுதான்.

அதைச் செய்தவர் காமயகவுண்டன்பட்டிக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். பம்பாயில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் எழுதிய மொழிக்கு ஃபோர்த் என்று பெயர். அதில் வேலை செய்யும் விதமே வேறு. மொழி உங்களுக்குக் கொஞ்சம் சொற்களைத்தான் தரும். மற்றதை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு புதுச் சொல்லைச் சொல்லி, அதற்கு என்ன பொருள் என்று பழைய சொற்களால் சொன்னால், மிஷின் 'ஓகே' என்று பதில் போடும். அதன் பிறகு அந்தச் சொல்லும் மொழியில் ஒன்று. தெரியாத சொல்லை அடித்தால், அதையே திருப்பி அச்சடித்துப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். அவர் தோட்டத்துச் சொற்களை வைத்திருந்தார். தண்ணீர் திறக்க 'மடை'. நிறுத்த 'போதும்'. இப்படி நூற்றுக்கணக்கில், இங்கிலீஷ் எழுத்தில்.

"ஏத்தா, ஒரு மணி நேரம் ஒக்காரு, சொல்லித்தாரேன்" என்று இரண்டு மூன்று முறை கூப்பிட்டார்.

"இதப் படிச்சா யாருண்ணே வேல குடுப்பா? ஊரு ஒலகத்துல யாரும் எழுதலயே" என்றேன்.

"ஊரு பேசுறதவே நானும் பேசணுமா? எனக்கு வேணுங்கிற பேச்ச நானே செஞ்சுக்கிருவேன்."

"அப்ப நீங்களே பேசிக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு என் குளிர்சாதன அறைக்கு வந்துவிட்டேன். இதை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

சித்திரை மாதத்தில் கம்பம் ரோட்டில் அவர் மொபெட்டின் மேல் லாரி மோதியது. உயிர் பிழைத்தார். தலையில் அடி. கையும் காலும் மெல்ல அசைந்தன, ஆனால் பேச்சு போய்விட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இனி வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுதக் கொடுத்தால் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடும் போடாமல் இருந்தார்.

ஆனி பிறந்ததும் கணவாய்க் காற்று இறங்கியது. அந்தக் காற்றில் எதுவும் ஈரமாக இருக்காது. மில்லுக்குள் நூல் அறுந்துகொண்டே இருந்தது, பம்போ முன்பு போலவே சீக்கிரம் நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீயும் கம்ப்யூட்டர்தான படிச்சிருக்க?" என்றார்.

அந்த அண்ணன் டைப் அடிப்பதைப் பார்த்திருந்ததால் ஒரு சொல்லை எப்படி உண்டாக்குவது என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். எவ்வளவு ஈரம் ஏறினால் பம்பை நிறுத்தலாம் என்ற எண் 'அளவு' என்ற சொல்லில் இருந்தது. 'அளவு' என்ற அதே பெயரில், கூடுதல் எண்ணை வைத்துப் புதிதாக எழுதினேன். ஓகே என்றது. 'அளவு' என்ன என்று கேட்டேன். நான் கொடுத்த எண்ணையே காட்டியது. ஆனால் பம்பு அவர் வைத்த அளவில்தான் நின்றது. மறுபடி எழுதினேன். மறுபடி ஓகே. மறுபடி அவர் அளவு. நாலாவது தடவை எழுதிவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டேன். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அறையில் இல்லாத ஒருவர் சொன்னதை அது செய்துகொண்டிருந்தது.

காரணம் பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில்தான் கிடைத்தது. அந்த மொழியில் அதே பெயரில் புதுச் சொல் வைத்தால் பழையது அழியாது. பழையதை நம்பி முன்பே எழுதிய சொற்கள் எல்லாம் கடைசிவரை பழையதையேதான் கூப்பிடும். புதியது மேலே சும்மா கிடக்கும். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பயந்திருக்க மாட்டேனா என்றால், அதுவும் நிச்சயமில்லை.

பேச்சு மில் முழுக்கப் பரவிவிட்டது. "ஆளு வீட்டுல கெடக்காரு, மூச்சு இங்கன ஓடுது" என்றார் மேஸ்திரி. ஒருநாள் பெட்டியின் மேல் யாரோ எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நான் கேலி செய்யவில்லை. பழத்தை எடுக்கவும் இல்லை.

அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன், வழி கேட்கிற நப்பாசையில். அல்லிநகரத்தில் மில் சங்கு கேட்கிற தூரத்தில் வீடு. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைத் தாண்டி வேறெதையோ பார்த்த மாதிரியும் இருந்தது. அவர் மனைவி எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். பிள்ளை கிடையாது.

"தங்கச்சி, இப்ப சங்கு ஊதும். அப்ப அவுக கையப் பாரு" என்றார்.

இரண்டாம் ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதியது. அவர் வலது கை விரல்கள் போர்வையின் மேல் அசையத் தொடங்கின. பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது.

"டாக்டரு நரம்பு இழுக்குதுங்கிறாக. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து, தெனமும் சங்கு ஊதுனா இப்பிடித்தான். என்னமோ எண்ணுறாகளா, தாயீ?"

அவர் எண்ணவில்லை. அந்த விரல்கள் போகும் வரிசை எனக்குத் தெரியும். நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன். டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

நான் அதைச் சொன்னதும் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஏதோ சொல்றாக. இத்தன நாளாச் சொல்லிக்கிட்டே இருக்காக. அங்கன கூட்டிட்டுப் போனா எனக்கு ஒரு வார்த்தையாச்சும் கெடைக்கும்ல?" அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். கல்யாணமாகிப் பத்து வருடமாக அதிகம் பேசாத மனிதர், இப்போது சுத்தமாகப் பேச்சில்லாமல் போய்விட்ட மனிதர், என்ன சொல்ல நினைக்கிறார் என்று தெரிய வேண்டும்.

மில்லில் அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து வேறு கருவிக்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் பெட்டியைக் கழற்றப்போகிறார்கள். நான் மேனேஜரிடம் கெஞ்சி, வார விடுமுறை நாளில் அவரை அழைத்துவர அனுமதி வாங்கினேன்.

மில் ஓடாத பகலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மிஷின்கள் வரிசை வரிசையாக அப்படியே நின்றன. மேலே குழாய்களில் காற்று இல்லாததால் பஞ்சுத் தூசு நகராமல் தொங்கியது. மேஸ்திரியும் நானும் அவரைத் தாங்கிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தோம். அந்த அக்கா, அறைக்கும் மில்லுக்கும் நடுவில் இருந்த வாசலில் நின்றார். நான் கருவியைப் போட்டேன்.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கைகள் மட்டும் எழுந்து விசைப்பலகைக்குப் போயின. அவர் முதலில் அடித்தது தன் மனைவியின் பெயர். மிஷின் அதைத் திருப்பி அச்சடித்துப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டது. மறுபடி அடித்தார். மறுபடி கேள்விக்குறி. மூன்றாவது தடவையும் அப்படியே. கொஞ்ச நேரம் கைகள் நின்றன. பிறகு வேகமாக, அடிபடுவதற்கு முன்பிருந்த அதே வேகத்தில், அந்தப் பெயரை ஒரு சொல்லாக உண்டாக்கினார். அதன் பொருளாக ஐந்து சொற்களை அடித்தார். ஓகே என்றது மிஷின். அப்புறம் அந்தப் பெயரைத் தனியாக அடித்தார்.

தரைக்கு அடியில் பம்பு ஓடத் தொடங்கியது. விசிறிகள் ஒவ்வொன்றாக, நான் அதுவரை கேட்டிராத ஒரு வரிசையில் எழுந்தன. கடைசியிலிருந்து முதலுக்கு, பிறகு நடுவில் ஒன்று. காலி மில் முழுக்க ஈரக்காற்று இறங்கியது. வாசலில் நின்ற அந்த அக்காவின் முகத்திலும் தலைமுடியிலும் பொடிப்பொடியாக நீர் படிந்தது. அவர் நகரவில்லை. பிறகு ஒவ்வொரு விசிறியாக நின்றது. மேஸ்திரி வெளியே ஓடிப்போயிருந்தார்.

"என்ன சொன்னாக?" என்று கேட்டார் அக்கா.

பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்தேன். ஐந்தில் இரண்டு சொல் எனக்குத் தெரியும். மடை. போதும். மற்ற மூன்றும் அவர் எப்போதோ உண்டாக்கியவை. ஒரு மணி நேரம் உட்கார் என்றபோது உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குப் பின்னால் அவர் நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

"நீங்க பட்ட பாடெல்லாம் தெரியும்னு எழுதியிருக்காகக்கா" என்றேன்.

பொய். அக்கா தன் முகத்தில் இருந்த ஈரத்தைத் துடைக்காமல், "அப்பிடியா சொன்னாக?" என்று கேட்டுத் தாளை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த விரல்கள் அசையவில்லை. சங்கு ஊதினாலும் போர்வை மேல் கை கிடந்தபடி கிடக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார் போல.

பெட்டியைக் கழற்ற இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த மூன்று சொல்லுக்கும் பொருள் அதற்குள்ளேயேதான் இருந்தது. அவருடைய பிளாப்பிகள் அலமாரியில் இருந்தன. அத்தனையையும் அச்சடிக்க ஒரு பகல் போதும், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நான் போகவில்லை. திங்கட்கிழமை வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வாசல்வரை போய்த் திரும்பினேன். பயம், வேறொன்றுமில்லை. உள்ளே போய் எதையாவது அடித்தால் அது எனக்கு என்ன பதில் போடும் என்ற பயம். வியாழக்கிழமை ஆட்கள் வந்து கழற்றினார்கள். பெட்டியும் பிளாப்பிகளும் பழைய இரும்பு வாங்குகிறவனோடு போயின.

பிற்பாடு அந்த மொழியை முறையாகவே படித்தேன். இன்று என்னால் அந்தத் தாளில் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியும். பொருள் மட்டும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த மொழியைப் படித்தவர்கள்கூட அடுத்தவர் உண்டாக்கிய சொற்களை அவரைக் கேட்காமல் படிக்க முடியாது. ஆளுக்கொரு மொழியாகப் போய்விடுகிறது. பரவாததற்கு அதுதான் காரணம் என்று புத்தகங்களிலும் இருக்கிறது. பக்கத்தில் இருந்தவள் கேட்க மறுத்தாள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நாலு வருடம் கழித்து அவர் இறந்தார். காரியம் முடிந்த அன்று, பந்தி ஓய்ந்த பிறகு, அக்கா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். அந்தத் தாளை நான்காக மடித்து வைத்திருந்தார். "இன்னொருக்க வாசி" என்றார்.

நான் பார்த்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேனே என்று எழுதியிருக்கிறார், இப்படி ஏதோ.

"மொதத் தடவ இது இல்லயே, தங்கச்சி."

நான் தாளை மடிக்கப் போனேன்.

"ஒனக்குந் தெரியாதுன்னு அன்னைக்கே தெரியும். சொல்றவ மனசு சங்கடப்படக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்" என்றார். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பினார். "நாலு வருசமா இதத்தான் பாக்குறேன். இங்கிலீசு தெரியாது. இந்தக் கேள்விக்குறி மட்டும் தெரியுது. மூணு எடத்துல போட்டிருக்கு. எதுக்குக் கேள்வி?"

"அது உங்க பேருக்கா. மிஷினுக்கு உங்களத் தெரியல. யாருன்னு மூணு தடவ கேட்டுச்சு."

"அவுக?"

"நாலாவதா, அவுக அதுக்குச் சொல்லிக்குடுத்தாக. அப்புறம் அது கேக்கல."

அந்த மனிதருக்காக ஊரே அழுத பதினாறு நாளும் அழாதவர், அப்போதுதான் அழுதார். நான் அவருக்கு வாசித்துக் காட்டியதில் உண்மை அந்த ஒரு வரிதான்.