ஆறு வளைவு

மகன் கட்டும் வீட்டில் வயரிங் வேலை நடக்கிறது. தினமும் போய்ச் சுவரில் பதித்த பைப்பின் வளைவுகளை எண்ணிவிட்டு வருகிறேன். வேலை செய்பவர்களுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். என்ன செய்வது, எண்ணாமல் இருக்க எனக்கு வராது. இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவர் என் தாய்மாமா.

திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தபோது எனக்கு ஏழு வயது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அதற்குள் உள்ளறையில் மின்விசிறி சுற்றியாக வேண்டும் என்பது நைனாவின் உத்தரவு. மாமா ஒயர்மேன். கூலி வாங்காத ஒயர்மேன் என்பதால் நைனா அவரை இரண்டு மடங்கு விரட்டினார்.

ஒயர்களை இணைக்கும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிவரை பைப் நாலு முறைக்கு மேல் திரும்பக் கூடாது என்பது மாமா சொன்ன விதி. மீறினால் உள்ளே விடும் ஒயர் சிக்கிக்கொள்ளும். பலமாக இழுத்தால் மேலுறை கிழியும். ஆனால் அவரே பதித்த பைப்பில் எண்ணிப் பார்த்தேன், ஆறு! கூடத்துச் சுவரில் நேராகப் போய்க்கொண்டிருந்த பைப், முருகன் காலண்டரை நெருங்கியதும் மேலே ஏறி, அதைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கி, மறுபடி நேராகப் போயிற்று. ஒரு காலண்டருக்காக நாலு வளைவு வீண். அதைக் கழற்றி வைத்தால் தீர்ந்தது. எனக்கே தெரிந்தது மாமாவுக்குத் தெரியவில்லை.

நினைத்தபடியே ஒயர் சிக்கியது. அன்று பார்த்துப் பள்ளிப்பட்டிலிருந்து பெரியப்பா வந்திருந்தார்.

"இன்னாப்பா இது, சாரப்பாம்பு ஊர்ந்துகினு போன மாதிரி கீது!"

"அளவு தப்பாப் போச்சுங்க" என்றார் மாமா, தலையைச் சொறிந்துகொண்டே.

"ஆறு பெண்டு கீது பெரியப்பா" என்று நானும் என் பங்குக்கு வளைவுகளைக் காட்டிச் சொன்னேன். உப்புக் குறைந்தால்கூடச் சண்டைக்கு நிற்கும் நைனா, அன்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உளிய குடு. நானே நேரா வெட்டிடறேன்" என்று பெரியப்பா சுவரிடம் போனார்.

அதற்குள் சமையலறையிலிருந்து வந்த அம்மா, காலண்டரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியப்பாவின் எதிரில் அவள் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை.

"சோறு ஆறிப்போவுது, சாப்பிட வாங்க பாவா."

"அஞ்சு நிமிசம்மா. நவுரு."

அம்மா நகரவில்லை. பெரியப்பா குனிந்து காலண்டரின் அடியோரத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மெல்லக் கீழே விட்டார். உளி மாமாவிடமே திரும்பிப் போயிற்று.

"பசிக்குதும்மா" என்றார். "சோத்தப் போடு."

மாமா காலண்டருக்கு நேர் மேலே சுவரைக் கொத்தி ஒரு பெட்டியை வைத்தார். இந்தப் பக்கம் மூன்று வளைவு, அந்தப் பக்கம் மூன்று. ஒயர் வழுக்கிக்கொண்டு போயிற்று. கிருத்திகைக்கு மின்விசிறி சுற்றியது. "நடு ஊட்டுல எவனாச்சும் பெட்டி மாட்டுவானா?" என்று வந்தவர்கள் எல்லாம் மாமாவை ஓட்டினார்கள். அளவு தப்பிவிட்டது என்று அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

கூட்டம் போனபிறகு நான் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பூச்சு ஈரமாக இருந்தபோது அழுத்திய ஒரு சின்னக் கை. ஐந்து விரலும் சரியாக இருந்தன. அதன் மேல் என் கையை வைத்தேன். என் கைதான் பெரிது.

அந்தச் சுவரைப் பூசியது நான் பிறப்பதற்கு முன் என்பதோ, எனக்கு முன் ஒரு அக்கா இருந்து, இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வந்ததில்லை.

"அம்மா, இது என் கைதான? இப்ப எவ்ளோ பெருசாய்ட்டேன் பாரு!"

"ஆங்" என்றாள் அம்மா. சுவரில் இருந்த என் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தி, எடுக்கவிடாமல் நின்றாள். தெருவில் பையன்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது விடுவாள் என்று நின்றேன்.