காணாமல் போன ‘யா’

இரண்டு வருடங்களுக்கு முன், சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் முடியப்போகும் நேரம். மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் எங்கள் வீட்டோடு ஒட்டி இரண்டு அறைகள் கட்டி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவதற்கென்று ஒழுங்கு செய்திருந்தோம். இங்கே தங்குமிடத்துக்குப் பஞ்சமில்லை. எங்கள் அறைகளின் விசேஷம் ஜன்னல்தான். பொழுது சாய்ந்ததும் அடிவாரத்திலிருந்து உச்சி வரை படிக்கட்டு வழியெல்லாம் விளக்குகள் எரிவதைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

முதன்முதலாக அறை கேட்டு எழுதியது ஒரு வயதான வெளிநாட்டு அம்மா. கணவருக்குக் காலில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, மலை ஏற முடியாது, அந்த விளக்குகளை ஜன்னலில் இருந்து பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தார். தடி ஊன்றி நடக்கிறவருக்கு உங்கள் வீடு சரிவருமா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார். வாசலில் இரண்டே படிதான், தாராளமாக வாருங்கள் என்று பதில் போட்டேன். எழுத்து வேலையெல்லாம் என்னுடையது. என் கணவருக்கு ஆட்டோ ஓட்டத் தெரியும், ஆட்களைச் சிரிக்க வைக்கத் தெரியும், இங்கிலீஷ் மட்டும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீஷ் பாஸ். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ‘கொஞ்சமா?’ என்று அவர் கேட்பார்.

அவர்கள் வர வேண்டிய அன்று காலையிலிருந்தே மழை கொட்டியது. கண்டியிலிருந்து ரயிலில் ஹட்டனுக்கு வருவார்கள், அங்கிருந்து என் கணவர் ஆட்டோவில் அழைத்து வருவார் என்பது ஏற்பாடு. ரயில் ஏறியதும் சொல்கிறோம் என்றவர்களிடமிருந்து மதியம் வரை ஒரு தகவலும் இல்லை. அடுப்பில் கோழிக்கறி கொதிக்கிறது, கட்டிலில் புது விரிப்பு விரித்தாயிற்று, எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ‘வரலையா’ என்று கேட்டுவிடுவோம் என்று போனை எடுத்து ‘யூ ஆர் நாட் கமிங்’ என்று அடித்தேன். வசனம் முடிந்தால் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மறக்காமல், கடைசியில் அழகாக ஒரு புள்ளியும் வைத்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. புரிகிறது, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும் என்று இரண்டே வரி. எனக்கு வந்ததே கோபம்!

“வரலையாம்ங்க. மன்னிக்கணுமாம்! வரலன்னா காலையிலேயே சொல்றதுக்கென்ன?”

வாசலில் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“நீ என்னன்னு கேட்ட?”

“யூ ஆர் நாட் கமிங். நீங்க வரலையான்னு கேட்டேன்.”

நான் இங்கிலீஷ் பேசினால் அவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேலி செய்வார். அன்றைக்கும் விடவில்லை. “யூன்னா நீங்க. நாட்னா இல்ல. கமிங்னா வர்றது. எல்லாம் சரிதான் டீச்சரம்மா, வரலையாவில இருக்கிற அந்த ‘யா’ எங்க?”

“அதெல்லாம் நம்ம சொல்ற விதத்துல வரும்” என்று எரிந்து விழுந்துவிட்டு, இன்னொரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டினேன். கடைசிச் சொல்லில் என் குரல் தானாக மேலே ஏறியது. அப்போதுதான் சுருக்கென்றது. என் குரல் போனுக்குள் போகவில்லையே! போனது வெறும் எழுத்தும் அந்த முற்றுப்புள்ளியும்தான். தமிழில் ‘யா’ வந்துவிட்டால் கேள்விக்குறி இல்லாவிட்டாலும் அது கேள்விதான். இங்கிலீஷில் நான் எழுதிய வசனத்துக்கு அந்த வளைந்த குறிதான் ‘யா’. அது இல்லாமல் போனதால், நீங்கள் வரப்போவதில்லை என்று நானே முடிவு சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதுவும் தடியோடு வரலாமா என்று தயங்கிக் கேட்ட மனிதர்களுக்கு!

அவசரமாக எண்ணைத் தட்டினேன். அழைத்துப் பார்த்தேன், போகவில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்தியும் போய்ச் சேரவில்லை. இந்நேரம் ஹட்டனில் வந்து இறங்கியிருந்து, வேறு ரயிலேறிக் கண்டிக்கே திரும்பிவிட்டால் எங்கே போய்த் தேடுவது? என் கணவர் மேற்கொண்டு ஒரு கேலியும் செய்யவில்லை. “அடுப்ப அணைச்சிட்டு வண்டில ஏறு” என்றார்.

மஸ்கெலியா தாண்டி, நோர்வூட் தாண்டி, பனிமூட்டத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போனோம். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

ஹட்டன் ஸ்டேஷனில் அவர்கள் இருந்தார்கள். ஈரப் பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, கண்டிக்குப் போகும் ரயிலுக்காக மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மலை ரயிலில் சிக்னல் கிடைக்காமல் தகவல் சொல்ல முடியாதிருந்த அந்த அம்மாவின் போன், இப்போது சார்ஜும் இல்லாமல் அணைந்து போயிருந்தது. ஓடிப்போய், நான் இன்னார் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பரவாயில்லை, இவருடைய கால் உங்களுக்குச் சிரமம்தான், எங்களுக்குப் புரிகிறது என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துவிட்டது. கேள்விக்குறிக்கு இங்கிலீஷில் என்ன என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. அப்போது கண்ணில் பட்டது அந்தப் பெரியவரின் தடி. பிடி வளைந்து, அச்சு அசலாகக் கேள்விக்குறி. அதைக் காட்டி, “திஸ்... திஸ்...” என்றேன். அவர் முகம் அப்படியே சுருங்கியது. தடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஐயோ, தடியால்தான் பிரச்சினை என்று நானே வந்து சொன்னது மாதிரி ஆகிவிட்டது!

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. என் கணவர் முன்னால் வந்தார். “சார், ஒரு நிமிஷம்” என்று தமிழிலேயே சொல்லி, தடியைப் பணிவாக வாங்கி, வளைந்த பிடி மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்தார். சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் டொபி மிட்டாயில் ஒன்றை எடுத்து, தடியின் நுனிக்கு நேர் கீழே தரையில் வைத்தார். வளைவும் வந்துவிட்டது, புள்ளியும் வந்துவிட்டது. நான் போனைத் திறந்து என்னுடைய வசனத்தைக் காட்டி, முற்றுப்புள்ளியின் மேல் விரலை வைத்து, பிறகு தடியைக் காட்டினேன்.

அந்த அம்மா போனைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், டொபியைப் பார்த்தார். பிறகு என் வசனத்தை மெல்ல வாசித்தார். கடைசிச் சொல்லில் அவர் குரலும் மேலே ஏறியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், கணவரின் காதில் ஏதோ சொன்னார். பெரியவர் சிரித்த சிரிப்பில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அவர் குனிந்து அந்தப் புள்ளியை எடுத்து, தாளைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, “எஸ், வீ ஆர் கமிங்!” என்றார்.

அன்றைக்கு மாலை மழை விட்டுவிட்டது. அறையில் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் கொண்டுபோனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்து, இவருடைய தடியை நினைத்து எத்தனையோ இடங்களுக்குப் போகாமலே விட்டிருக்கிறோம் என்றார். வெளியே மலையில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

சீசன் தொடங்கும்போதெல்லாம் அவர்களிடமிருந்து ஒரு படம் வரும். சுவரில் சாய்த்து வைத்த தடி, அதன் கீழே ஒரு டொபி. ஒரு வார்த்தைகூட இருக்காது, ஆனால் அறை இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் நான் யாருக்காவது செய்தி அடித்தால் என் கணவர் எட்டிப் பார்த்து, “யா போட்டுட்டியா?” என்கிறார். வாருங்கள் என்று ஆசையாய் அழைக்க நினைத்த நானே ஒரு மனிதரை வாசலோடு திருப்பி அனுப்பப் பார்த்தேனே என்பது நினைவுக்கு வர, கடைசிச் சொல்லுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.