சொட்டு அக்காவின் கைகள்

அந்தத் தெருவில் அவளுக்குச் சொட்டு அக்கா என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. வைத்ததில் தப்பும் இல்லை. செருப்புக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அதில் ஒரு நீளமான கட்டில், ஒரு மின்விசிறி, அலமாரி நிறையப் பழுப்புநிறக் குப்பிகள். வாசனை எண்ணெய்களைக் கலந்து தோள்வலி, முதுகுவலி, மன உளைச்சல் என்று வருகிறவர்களுக்குத் தேய்த்துவிடுவது அவள் தொழில். ஆனால் படியேறி வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது வாசனை அல்ல, அறிவுரை.

"ஒரு டீஸ்பூன் பாதாம் எண்ணெய்க்கு ரெண்டே சொட்டு. மூணாவது சொட்டு வேணவே வேணாம். முதல்ல முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்க. வாயில படக் கூடாது. சின்னக் குழந்தை மூக்குகிட்ட யூகலிப்டஸ் கொண்டு போகாதீங்க. வீட்ல பூனை இருக்கா?"

முதுகு பிடித்துக்கொண்டு வந்த ஒருவர், "பூனைக்கும் என் முதுகுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டார். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. பூனையின் உடம்பு இந்த எண்ணெய்களைச் செரித்து வெளியேற்றாது, எண்ணெயை ஆவியாக்கி வாசனை பரப்பும் கருவியைப் பூனையோடு ஒரே அறையில் பூட்டி வைக்கக் கூடாது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், நின்றபடியே மனிதருக்கு வலி பாதி போய்விட்டது.

எதிர்வரிசை அழகு நிலையக்காரிக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. தாராளக் கைக்காரி. "செடியில இருந்து வந்ததுதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்று சிரித்துக்கொண்டே குப்பியைக் கவிழ்ப்பாள். அங்கே உட்கார இடம் இருக்காது. சொட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்து வயிறெரிவாள். "தொட்டிச் செடிக்கு ஊத்துற மாதிரி ஊத்துறா" என்று இரவு கணவனிடம் பொருமுவாள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அதிகம் பேசாதவர். "ம்" என்பார்.

சொட்டு அக்காவுக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. திறந்து வருஷமான எண்ணெயை, வாசனை லேசாக மாறிய எண்ணெயை, வாடிக்கையாளர் உடம்பில் வைக்க மாட்டாள். அலமாரியிலிருந்து எடுத்துவிடுவாள். எடுத்ததைக் கொட்ட மட்டும் மனசு வராது. அதனால் பழைய லாவெண்டர் குப்பிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் குடிபெயர்ந்து, வெயில் விழும் சமையலறை ஜன்னலில் வரிசை கட்டின. சிலவற்றின் மூடிகூடச் சரியாக மூடாது. அந்த எண்ணெயைத்தான் அவள், ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும் என்று, தினமும் சாயங்காலம் மணிக்கட்டிலும் நெற்றிப்பொட்டிலும் அப்படியே, எதோடும் கலக்காமல், தேய்த்துக்கொள்வாள். ரெண்டு சொட்டுக் கணக்கெல்லாம் மாடியறையோடு சரி. கேட்டால், "எனக்கு இது பழகின உடம்புங்க" என்பாள்.

பழகின உடம்பு ஒரு நாள் அரிக்க ஆரம்பித்தது. முதலில் விரலிடுக்கு. பாத்திரம் தேய்க்கும் சோப்புதான் காரணம் என்று அதை மாற்றினாள். அடுத்து மணிக்கட்டு சிவந்தது. குற்றவாளியை உடனே பிடித்துவிட்டாள்.

"எல்லாம் உங்க டீசல் துணிதாங்க. தோய்ச்சுத் தோய்ச்சு என் கை போச்சு."

மெக்கானிக் மறுபேச்சுப் பேசாமல் அன்றிலிருந்து தன் துணியைத் தானே தோய்த்துக்கொண்டார். அரிப்பு குறையவில்லை. எரியும் தோலுக்கு லாவெண்டர் இதமாயிற்றே என்று அவள் இன்னும் கொஞ்சம் தடவினாள். தடவத் தடவத் தோல் வெடித்தது. கட்டிலில் படுக்க வந்த ஒரு பெண் அவள் கைகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகமாயிருக்கிறது என்று சொல்லி எழுந்து போனாள். திரும்பி வரவில்லை.

தோல் மருத்துவர் அவளைவிட வயதில் சின்னவர். "கையில என்ன தடவுறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல டாக்டர். லாவெண்டர் மட்டும்தான்."

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேகப்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாகத் தடவிய சின்னச் சின்ன ஒட்டுகளை முதுகில் ஒட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அவற்றை எடுத்துப் பார்த்தபோது சோப்பு, டீசல், ரப்பர் எதிலும் பழுதில்லை. லாவெண்டர் வைத்த இடம் மட்டும் நாணயம் போலச் சிவந்து வீங்கியிருந்தது.

"கலக்காம அப்படியே தடவுனீங்களா? எங்க வச்சிருந்தீங்க?" மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "வெயிலும் காத்தும் பட்டா இந்த எண்ணெய் கெட்டுடும். கெட்டதுதான் அலர்ஜிய சீக்கிரம் கொண்டு வரும். ஒரு தடவ வந்துட்டா உடம்பு அதை லேசுல மறக்காது."

"அதெல்லாம் எனக்குத் தெரியும் டாக்டர்" என்று வாய் தவறி வந்துவிட்டது. பல வருஷமாகத் தினமும் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்த வார்த்தைகள் அவை. மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டை எழுதி முடித்து நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். மெக்கானிக் தான் தோய்த்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ டீசல் இல்ல."

"இல்லங்க."

"சரி" என்று எழுந்து போய் ஜன்னல் குப்பிகளை ஒரு பையில் போட்டுக் கட்டினார். அவள் தடுக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாடியறை பூட்டியே கிடந்தது. கை மெல்ல ஆறத் தொடங்கியது. ஒரு மத்தியானம் வீட்டுக் கதவைத் தட்டியது அழகு நிலையக்காரி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, ஒரு கஸ்டமருக்குக் கழுத்துல எலுமிச்சை எண்ணெய் தேய்ச்சு விட்டேன். அவங்க நேரா வெயில்ல நீச்சலுக்குப் போயிட்டாங்க. இப்போ கழுத்து பூரா கொப்புளம். இஸ்திரிப் பெட்டி வச்ச மாதிரி இருக்கு. கடையில வந்து கத்துறாங்க. யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியலக்கா."

இப்படி ஒரு நாளுக்காக எத்தனை வருஷம் ஜன்னலோரம் காத்திருந்தாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். வந்த நாளில் பார்த்து அவள் கையில் மருந்தும் பருத்தி உறையும். உறை போட்ட கையால் யாரை நோக்கி விரலை நீட்டுவது?

"முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள். "எலுமிச்சை எண்ணெய் தேய்ச்ச தோல்ல வெயில் பட்டா வெந்துடும். வெயில் படாம மூடிக்கச் சொல்லு. கொப்புளத்த உடைக்க வேணாம். அது மேல வேற எண்ணெய் எதுவும் போட்டுடாத."

"லாவெண்டர் போட்டா குளுமையா இருக்கும்னு நெனச்சேன்க்கா."

சொட்டு அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமல் அழகு நிலையக்காரி வாசலிலேயே நின்றாள்.

கழுத்துக் கொப்புளம் ஆறிப் பழுப்புத் தழும்பானது. அதற்குப் பிறகு அழகு நிலையத்தில் புது ஏற்பாடு. கலப்பதும் தேய்ப்பதும் அழகு நிலையக்காரி. காற்று வரும் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எவ்வளவு, யாருக்கு, யாருக்குக் கூடாது என்று சொல்வது சொட்டு அக்கா. லாவெண்டர் மட்டும் அந்தக் கடைக்குள் வருவதில்லை. முன்பு அவள் பேச்சு முடியும் முன்பே கொட்டாவி விட்டவர்கள், இப்போது உறையைக் கழற்றிக் கையைக் காட்டினால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கூட்டம் பாதியாகிவிட்டது. அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறது, எந்த எண்ணெயும் இல்லாமலே. அதில்தான் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.