ஆளுக்கொரு பிளொப்பி

இந்திய ஆமி நின்ற காலத்தில் நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்தேன். ஊர்ச் சங்கங்களுக்கு வெளிநாட்டு உதவி எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆசுப்பத்திரிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் அதன் கந்தோர். கொழும்பிலிருந்து லொறியில் வந்திறங்கிய கொம்பியூட்டர் ஒன்று அங்கே இருந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, பிளொப்பித் தட்டுப் போட இரண்டு வாய். அதைப் பாவிக்கத் தெரிந்தவர்கள் நானும் ஓர் அக்காவும் மட்டும்.

அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தட்டச்சு வகுப்பு நடத்திய கைகள். தாளைப் பார்த்துக்கொண்டே அடிப்பார், திரையை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். பணிப்பாளரின் வெளிநாட்டுக் கடிதங்கள் அவருடைய பொறுப்பு. சங்கங்களின் அறிக்கைகள் என்னுடைய பொறுப்பு. பின்னேரம் என் ஊரான கரவெட்டிக்கு பஸ் கிடைக்காது என்பதால் காலை எனக்கு, மத்தியானத்துக்குப் பிறகு அவருக்கு என்று மெஷினைப் பங்கு பிரித்திருந்தோம்.

அந்த மெஷினில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். விசைப்பலகையின் இடப்பக்கத்தில் தனியாகப் பத்து விசைகள் இருந்தன. ஒரு சின்னப் புரோகிராமைப் போட்டுவிட்டு, ஒரு விசைக்கு ஒரு வசனத்தைப் பழக்கிவிடலாம். பிறகு அந்த விசையைத் தொட்டால் முழு வசனமும் தானாக வந்து விழும். மயிலிட்டி மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரை ஒரு நாளில் எத்தனை தடவை அடித்திருப்பேனோ தெரியாது. அதை ஒரு விசைக்குப் பழக்கியபோது கைக்கு வந்த சுகம் இப்போதும் நினைவில் இருக்கிறது.

ஆனால் மெஷினை நிற்பாட்டினால் எல்லாம் மறந்துவிடும். கரண்ட் நினைத்த நேரம் போய் நினைத்த நேரம் வந்த ஊரில், பழக்குவதிலேயே அரைவாசி நேரம் போனது. அக்காவுக்கும் அதே கதைதான். மத்தியானம் வந்து மெஷினை நிற்பாட்டிப் போட்டு, தன்னுடைய வசனங்களைப் பழக்குவார். பழக்காத விசையைத் தொட்டால் மெஷின் கீச்சென்று சத்தம் போடும். அதைக் கேட்டு, அந்த வசனத்தைக் கையால் அடிப்பார்.

புரோகிராமோடு வந்த விளக்கப் புத்தகத்தின் பிரதி ஒன்று இருந்தது. அதை ஒரு கிழமையாக பஸ்ஸில் வாசித்து வழியைக் கண்டுபிடித்தேன். பழக்கியதை பிளொப்பியில் எழுதி வைக்கலாம். மெஷின் எழும்பும்போது முதலில் வாசிக்கிற கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தால், அது தானாகவே எல்லாவற்றையும் நினைவுக்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் மெஷினை எழுப்புகிற பிளொப்பியின் ஓரத்து வெட்டில் ஒரு கறுப்புத் துண்டு ஒட்டியிருந்தது. அது ஒட்டியிருக்கும்வரை அதில் ஒன்றும் எழுத ஏலாது. கழற்றக்கூடாது என்று மெஷினைப் பொருத்தக் கொழும்பிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் நகத்தால் கிளப்பிக் கழற்றினேன். வரியைச் சேர்த்து, மெஷினை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். விசையைத் தொட்டேன். மயிலிட்டி வந்தது. திரும்பவும் நிற்பாட்டிப் போட்டேன். மயிலிட்டி அப்படியே இருந்தது.

சந்தோசத்தில் அக்காவுக்குச் சொல்லாமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

அன்று பின்னேரம் இடையில் கரண்ட் போய் வந்திருக்கிறது. தபால் போகிற நேரமாகிவிட்டதால், அக்கா அவசரத்தில் நாலைந்து விசைகளை மட்டும் திரும்பப் பழக்கிவிட்டு, வெளிநாட்டுக்கு ஒரு நன்றிக் கடிதம் அடித்திருக்கிறார். கடித முடிவில் வரும் 'தங்கள் உண்மையுள்ள' என்பதற்குரிய விசையைப் பழக்க மறந்துபோனார். கை பழக்கத்தில் அங்கே போயிருக்கிறது. வழக்கமான கீச்சுச் சத்தம் வரவில்லை. அக்காவின் கடிதத்தில் பிழை இராது என்று பணிப்பாளரும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்.

அடுத்த நாள் பிரதியைக் கடிதக் கோவையில் போடும்போதுதான் அக்கா கண்டார். 'தங்கள் உண்மையுள்ள' இருக்கவேண்டிய இடத்தில், அதே விசைக்கு நான் பழக்கியிருந்த மயிலிட்டி மீனவர் கூட்டுறவுச் சங்கம், அதன் கீழே பணிப்பாளரின் கையெழுத்து. கடிதம் அதற்குள் போய்விட்டது.

அக்கா என்னை ஏசவில்லை. ஏச்சைவிட அதுதான் பெரிய கரைச்சலாக இருந்தது. பிரதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஓம் என்றுவிட்டு அடுத்த தாளை எடுத்தார். பதினைந்து வருசத் தட்டச்சில் தன் கையால் ஒரு பிழை வெளியில் போனதில்லை என்று அவர் கணக்காளரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. பணிப்பாளர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். மீனவர் சங்கத்தில் அவர் ஏற்றிருக்கும் புதிய பொறுப்புக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். கடலுக்குப் போகும்போது கவனமாக இருக்கும்படியும் கேட்டிருந்தார்கள். பணிப்பாளருக்கு நீந்தவும் தெரியாது. முதலில் அவர்தான் சிரித்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார், "தம்பி, எழுப்புற பிளொப்பியிலை ஏன் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கவேணும்? அதிலை இன்னொரு பிரதி எடுக்க ஏலாதே?"

எனக்கு அது தோன்றவேயில்லை. ஒரு மெஷின், அதற்கு ஒரு பிளொப்பி என்றுதான் என் மூளை போயிருந்தது. அன்றே ஒரு பிரதி எடுத்து, அதில் அக்காவின் வசனங்களைப் பழக்கிப் பதிந்தோம். "உம்மடை மயிலிட்டி உம்மோடை, என்ரை உண்மை என்னோடை," என்று சொல்லி, தன்னுடையதில் சின்னதாக ஒரு பூ கீறி மேசை லாச்சிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு கரண்ட் எத்தனை தடவை போய் வந்தாலும் நாங்கள் பதறவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் என் பிளொப்பியைப் போட்டு என் அறிக்கைகளையும் அவரே அடித்து வைத்தார். மத்தியானம் ஆள் மாறுகிற நேரத்தில் இருவரும் பிளேன்ரீ குடித்துக் கதைத்துக்கொண்டிருப்பது வழக்கமானது.

இந்திய ஆமி போனபின், தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் போனது. அந்த முறை வரவேயில்லை. கொம்பியூட்டரைத் துணியால் மூடிவிட்டு, அலுமாரிக்கு மேலே கிடந்த இரண்டு தட்டச்சுப் பொறிகளை இறக்கினோம். ஒரே அறையில், ஒரே நேரத்தில் இருவரும் அடித்தது அப்போதுதான். இடைக்கிடை என் இடது கை தானாகப் பக்கத்துக்குப் போகும். அங்கே விசை இராது.

"அக்கா, உங்கடை கையும் இடப்பக்கம் போகுதோ?"

"போகுது," என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "போய் மேசையைத் தட்டிப் போட்டு வருது."

அடுத்த வருசம் அவர் கடல்நீரேரியைக் கடக்கிற கொம்படிப் பாதையால் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போனார். போகிற அன்று அவருடைய பையை சைக்கிளில் வைத்து பஸ் நிலையம் வரை உருட்டிக்கொண்டு போனேன். சனம் நெருக்கியடித்ததில் ஒழுங்காகக் கதைக்கவும் முடியவில்லை. கந்தோருக்குத் திரும்பி வந்து, அன்றிலிருந்து அவருடைய தட்டச்சுப் பொறியில் வேலை செய்தேன். என்னுடையதைவிட அதற்குச் சத்தம் குறைவு.