மூன்று நாள் எண்ணெய் காணாத ஜீப்

வண்டிகளுக்குத் தகுதிச் சான்று எழுதும் அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவள் நான். மாமாவின் ஜீப் என் மேஜைக்கு வந்திருந்தால், விண்ணப்பத்தின் முதல் பக்கத்தையே திருப்பியிருக்க மாட்டேன். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு எட்டு வயது. அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போவதே பெருமை. அப்பாவுக்கு வடக்கே உத்தியோகம். நானும் அம்மாவும் மயிலாப்பூரில் மாமா வீட்டில் இருந்தோம்.

பட்டாளம் கழித்துவிட்ட வண்டியை மாமா ஏலத்தில் எடுத்திருந்தார். ஸ்டியரிங்கைக் கால் வட்டம் சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போகும். கியர் நழுவாமலிருக்க அதை ஒரு கையால் பிடித்தபடியே ஓட்டுவார். "யுத்தம் பார்த்த வண்டி" என்பார். அதைக் குறை சொன்னவர்களோடு இரண்டு நாள் பேசமாட்டார்.

விடியற்காலையில் கோலம் போட வரும் மாமி, பின் சக்கரத்தடியில் ஈரத்தைக் கண்டிருக்கிறாள். மெக்கானிக்கைத் தனியாக விசாரித்து, பிரேக் எண்ணெய் டப்பா ஒன்று வாங்கி, கோலமாவுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தாள். ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் தகட்டைத் தினமும் திறந்து, குறைந்ததை ஊற்றிவிட்டு, தரையில் ஒழுகியதன் மேல் கோலம் போடுவாள். இது எனக்கும் மாமிக்கும் மட்டுமே தெரியும். மாமாவோ, வாங்கிய நாள் முதல் பிரேக்கை எந்த மெக்கானிக்கும் தொட்டதே இல்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதத்தில் மூன்று நாள் மாமி கொல்லைப்புற அறையில் தனியே உட்காருவாள். காக்கா தொட்டுவிட்டது என்பார்கள். அவள் எதையும் யாரையும் தொடக்கூடாது. டப்பாவும் அதில் அடக்கம். முன்மாதங்களில் ஜீப் பொறுத்துக்கொண்டது. அந்த மாதம் ஒழுகல் கூடியிருந்தது. மூன்றாம் நாள் காலை அம்மா, உள்ளங்கை அகல எண்ணெய்த் திட்டைச் சுற்றி ஒழுங்காகப் புள்ளி வைத்துக் கோலத்தை முடித்தாள்.

மாமி அறையிலிருந்தபடியே என்னைக் கூப்பிட்டாள். "மாமாகிட்ட சொல்லு, இன்னிக்கு ஜீப்பை எடுக்க வேண்டாம்னு. பிரேக்குக்கு எண்ணெய் விட்டு மூணு நாளாச்சு."

சொன்னேன். மாமா சிரித்தார். "அறைக்குள்ள உக்காந்துண்டு உன் மாமி பிரேக்கைப் பாத்தாளாக்கும்! ஏறுடீ."

கச்சேரி சாலை முடிந்து சாந்தோம் சாலை குறுக்கே வரும் இடத்தில் மாமா பெடலை மிதித்தார். அது தரை வரை போயிற்று. மறுபடி மிதித்தார். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்தான்; ஒன்றில் ஒழுகினால் நாலும் போச்சு. கைப்பிரேக்கை இழுத்தார், அதுவும் பிடிக்கவில்லை; அதன் டிரம்மில் கியர் எண்ணெய் ஊறி எத்தனை நாளோ. ஒரு பஸ் என் முகத்துக்கு நேரே வந்து, எப்படியோ விலகியது. எதிர்ச் சந்துக்குள் புகுந்து மணலில் புதைந்து நின்றோம். முன் சக்கரம் இடித்து ஒரு மீன்கூடை கவிழ்ந்து கிடந்தது. அதன் பின்னால் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தவள் எப்படித் துள்ளி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. என் நெற்றியிலிருந்து ஏதோ சூடாக வழிந்தது.

"இன்னா நைனா," என்றாள் அவள். "பிரேக்க வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

யுத்தம் பார்த்த வண்டியின் சொந்தக்காரர் குனிந்து, சிதறிய மீன்களைப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தார்.

ரிக்‌ஷாவில் வீடு திரும்பினோம். என் நெற்றி ரத்தத்தைப் பார்த்த மாமி, கொல்லையிலிருந்து கூடத்தைத் தாண்டி வாசலுக்கே ஓடிவந்து என்னை வாரி அணைத்துக்கொண்டாள்.

அம்மா அலறினாள். "ஐயையோ, தொட்டுட்டேளே மன்னி!"

மாமி விடவில்லை. மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்த எண்ணெய் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நான்தான் கோலமாவு இருந்த மூலையைக் காட்டினேன்.

அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய், போட்ட சீருடையோடு வாளி வாளியாகத் தலையில் கொட்டினாள். காயத்துக்கு மருந்து அதற்கப்புறம்தான். மீன் நாற்றம் போகத்தான் இத்தனை தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மீனைத் தொட்டவர் மாமா. அவரை ஏன் ஒருவரும் குளிக்கச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.