பால் கலந்த தண்ணீரும் என் வலக்கண்ணும்

கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒளிப் பாடம் வந்தால் கண்ணாடி மீன்தொட்டியையும் லேசர் டோர்ச்சையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். டோர்ச்சைச் சுவருக்குக் கிட்டப் பிடித்தால் கடுகளவு சிவப்புப் புள்ளி. மறுகோடியிலிருந்து பிடித்தால் அதுவே கொஞ்சம் பரந்துவிடும். தண்ணீருக்குள் சரிவாக விட்டால் முறியும். தொட்டியின் அடியில் உப்பளத்து நீரும் மேலே நல்ல தண்ணீரும் நின்றால், ஒளிக்கற்றை வளைந்தே போகும். இதற்கெல்லாம் பிள்ளைகள் கொட்டாவிதான் விடுவார்கள். கடைசியில் ஒரு கரண்டி பால் ஊற்றியதும் தொட்டிக்குள் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரியும். அப்போதுதான் கைதட்டல்.

"இன்னும் ஊத்துங்க டீச்சர்!"

ஊற்றுவேன். மறுபக்கச் சுவரில் புள்ளி மங்கி, பிறகு இல்லாமலே போய்விடும். நீங்கள் பார்ப்பது வழியில் சிதறிப்போன ஒளி, போய்ச் சேராத ஒளி என்று ஒவ்வொரு வருடமும் தொண்டை கிழியச் சொல்கிறேன். யார் கேட்கிறார்கள்?

இந்த வருடம் என் வலக்கண்ணுக்குள்ளேயே கலங்கல் வந்தது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் இரத்தக்குழாய் ஒன்று வெடித்து உள்ளே இரத்தம் கசிந்துவிட்டது. லேசர் பிடித்தால்தான் மேலும் கசியாமல் தடுத்துப் பார்வையைக் காப்பாற்றலாம் என்றார் சிலாபத்துக் கண் டொக்டர். ஆனால் கலங்கல் நிற்கும்வரை கற்றை விழித்திரைக்குப் போய்ச் சேராது.

"அடியில படியட்டும் டீச்சர். மூண்டு கிழமைக்குத் தலையக் குனியாதீங்க."

மீன்தொட்டி கழுவுகிறவளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. லீவு போட்டேன். கூட்டுவது, சமைப்பது, என் செருப்பை எடுத்து வைப்பது எல்லாம் மகள்தான். நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதுக்குக் குனியாமல், கதிரையில் உட்கார்ந்தே தொழுதேன். சும்மா இருந்தே களைத்துப்போனேன். ஆனாலும் நாளுக்கு நாள் கண் தெளிந்து வந்தது. மகளின் முகம் மறுபடி முகமாகத் தெரிந்தது.

லேசர் பிடிக்கும் நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு, தூக்கக் கலக்கத்தில் எழும்பி, கைகால் முகம் கழுவி வுளூ எடுத்து, முசல்லாப் பாயை விரித்து நின்றேன். கதிரையின் நினைவே வரவில்லை. நாற்பது வருடப் பழக்கம், உடம்பு தன்பாட்டில் குனிந்துவிட்டது. நெற்றி தரையில் பட்ட பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்தபோது வலக்கண்ணில் சாம்பல் நிறப் புகை சுழன்றுகொண்டிருந்தது. அந்த சுஜூதில் நான் கேட்டதும் இந்தக் கண்ணைத்தான்.

டொக்டர் கருவியால் நெடுநேரம் பார்த்தார்.

"குனிஞ்சீங்களா?"

"ஓம் டொக்டர். தொழுகையில மறந்துட்டன்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னும் மூண்டு கிழமை பாப்பம். தெளியாட்டி ஒபரேஷன்தான். பார்வை எவ்வளவு திரும்பும் எண்டு இப்ப சொல்ல ஏலாது."

பஸ்ஸில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலப்படாதீங்க உம்மா, அல்லாஹ் பாத்துக்குவான்." எனக்கு என் மீதே கோபமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முசல்லாவை மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்தேன். நான் கேட்டாலும் தராதே என்றேன். பிறகு கதிரையில் போய் இருந்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைக் கைகளில் புதைக்கப் போனவள், நினைவு வந்து, நிமிர்ந்தபடியே இருந்து அழுதேன்.